கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர்

என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு குழந்தையின் படம் வருகிறது. மூக்கில் குழாய், பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் அம்மா, கீழே ஒரு க்யூஆர் கோடு. கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு 18 லட்சம் வேண்டும், இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. என்னிடம் கேள்வி கேட்டவர் அதைப் பார்த்து 10,000 ரூபாய் அனுப்புகிறார். இரண்டு வாரம் கழித்து அதே படம் வேறு பெயரோடு, வேறு நோயோடு இன்னொரு குழுவில் வருகிறது. தேடிப் பார்த்தால் நான்கு வருடத்துக்கு முந்தைய படம். "உதவி செய்வதில்கூடவா ஏமாற்றுவார்கள்? மனுஷனுடைய பேராசைக்கு எல்லையே இல்லையா? இனிமேல் யாருக்கும் கொடுக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனமா?" என்று கேட்கிறார்.

நான் திருச்சியில் ஆடிட்டராக இருக்கிறேன். என்னிடம் வரும் கோப்புகளில் பாதி அறக்கட்டளை, சங்கம், முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம் என்ற வகைதான். தன் வீட்டை அடமானம் வைத்து இல்லம் நடத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ரசீது புத்தகத்தைப் புரட்டிவிட்டு அன்று இரவு தூக்கம் வராமல் கிடந்ததும் உண்டு. அதனால் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கொடுப்பதை நிறுத்தாதீர்கள். கொடுக்கும் விதத்தை மாற்றுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, மோசடி எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பேராசை எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. ஓட்டல்காரருக்கும் லாப ஆசை உண்டு. ஆனால் சாம்பார் ஊசிப்போயிருந்தால் சாப்பிட்டவர் அங்கேயே சத்தம் போடுவார், மறுநாள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். காசு கொடுத்தவரும் சாப்பிட்டவரும் ஒரே ஆள் என்பதால் இது நடக்கிறது. தானத்தில் காசு கொடுப்பவர் நீங்கள், சாப்பிடுகிறவர் வேறு எங்கோ இருக்கிறார். சாம்பார் ஊசிப்போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது. சாப்பிட்டவரோ இலவசமாகக் கிடைத்ததைக் குறை சொல்லக் கூச்சப்படுவார், சொன்னாலும் நாளைக்கு இலை போடமாட்டார்களோ என்று பயப்படுவார். நடுவில் நிற்பவரை இரண்டு பக்கமும் யாரும் கேள்வி கேட்பதில்லை. உங்களிடம் அவர் விற்பது உணவையோ மருந்தையோ அல்ல, 'நான் உதவினேன்' என்று உங்களுக்கு வரும் நிறைவை. அந்த நிறைவைத் தர உணவு போய்ச் சேர வேண்டிய அவசியமே இல்லை, ஒரு நல்ல படம் இருந்தால் போதும். நான் பார்த்த மோசடிகள் அத்தனையும் இந்த ஓட்டை வழியாகத்தான் வந்தன.

உலகத்தில் இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு. ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் என்பவர் 'கேன்சர் ஃபண்ட் ஆஃப் அமெரிக்கா' என்ற அமைப்பை நடத்தினார். அதோடு சேர்ந்து இன்னும் மூன்று அமைப்புகள், குழந்தைகள் புற்றுநோய்க்கு ஒன்று, மார்பகப் புற்றுநோய்க்கு ஒன்று என்று. அவருடைய முன்னாள் மனைவி ஒன்றுக்குத் தலைமை, மகன் இன்னொன்றுக்கு. 2015 மே மாதம் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் சேர்ந்து இவர்கள் மீது வழக்குப் போட்டன. 2008 முதல் 2012 வரை மக்களிடம் வசூலானது 18.7 கோடி டாலர். புற்றுநோயாளிகளுக்குப் போனது அதில் 3 சதவீதத்துக்கும் குறைவு. மீதியில் கார், கப்பல் சுற்றுலா, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், உடற்பயிற்சிக் கூடச் சந்தா எல்லாம் இருந்தன.

இதில் என்னைத் தொழில்ரீதியாக உறுத்தியது சுற்றுலா அல்ல. வசூல் செய்தது தொலைபேசியில் பணம் கேட்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள். பல சமயம் நன்கொடையில் 85 சதவீதமோ அதற்கு மேலோ அவர்களுடைய கட்டணத்துக்கே போய்விட்டது. ஒரு பாட்டி 100 டாலர் கொடுத்தால், அவரைக் கூப்பிட்டுப் பேசியதற்கே 85 டாலர். அந்த ஏற்பாடு மட்டும் அந்த நாட்டில் குற்றமே இல்லை. இப்படிப்பட்ட கட்டணத்துக்கு மாநிலங்கள் உச்சவரம்பு வைப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்று 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நோயாளிகளுக்குப் பணம் போகிறது என்று பொய் சொன்னதுதான் குற்றம். அந்தப் பொய்யை மறைக்க ஒரு கணக்கு வேலை நடந்தது: மருந்துகளையும் பொருட்களையும் நன்கொடையாகப் பெற்று வெளிநாடுகளுக்கு அனுப்பியதாக 20 கோடி டாலருக்கு மேல் எழுதினார்கள். பொருளின் மதிப்பை ஊதிவிட்டால் மொத்தச் செலவில் சம்பளமும் வசூல் கட்டணமும் சின்னதாகத் தெரியும். பொருளாக வரும் நன்கொடைக்கு மதிப்புப் போடும் இடத்தில்தான் ஏமாற்றுவது சுலபம். எங்கள் மேசையிலும் நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

நோயாளிகளுக்கு வந்தது என்ன தெரியுமா? சோப்பு, ஷாம்பு, தின்பண்டம் அடைத்த பெட்டிகள். அந்த வீடுகளிலிருந்து எத்தனை பேர் இது எனக்கு எதற்கு என்று எழுதிக் கேட்டிருப்பார்கள்? எழுதியிருந்தாலும் பணம் கொடுத்த பாட்டியின் காதுக்கு அது போயிருக்காது.

சரி, பேராசை பற்றிக் கேட்டீர்கள். நடுவில் நிற்பவரின் பேராசையை எல்லோரும் பேசுகிறார்கள், கொடுப்பவரின் பேராசையை யாரும் பேசுவதில்லை. பிலடெல்பியாவில் ஜான் பென்னட் என்பவர் 1989-இல் 'நியூ எரா' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். பெயர் வெளியிட விரும்பாத பெரும் பணக்காரர்கள் சிலர் தன் பின்னால் இருக்கிறார்கள், ஒரு தொண்டு நிறுவனம் தன்னிடம் பணம் கட்டிச் சில மாதம் விட்டுவைத்தால் அவர்கள் அதை இரட்டிப்பாக்கித் தருவார்கள் என்றார். கல்லூரிகள், தேவாலயங்கள், அருங்காட்சியகங்கள் வரிசையில் நின்று கட்டின. முதலில் வந்தவர்களுக்கு இரட்டிப்பாகவே கிடைத்தது, பின்னால் வந்தவர்களின் பணத்திலிருந்து. பெரும் பணக்காரர்கள் யாரும் இல்லவே இல்லை. இதைக் கண்டுபிடித்தவர் மிச்சிகனில் ஒரு சிறிய கிறிஸ்தவக் கல்லூரியின் கணக்கியல் ஆசிரியர் ஆல்பர்ட் மேயர். தன் கல்லூரி அங்கே பணம் அனுப்பியிருப்பதைக் கண்டு விசாரிக்கத் தொடங்கினார். கல்லூரி நிர்வாகத்திடமே சொன்னார், கேட்கவில்லை. நல்ல காரியத்துக்கு வரும் பணத்தைச் சந்தேகப்படலாமா என்ற மனநிலை. 1995 மே மாதம் எல்லாம் சரிந்தது. 1997-இல் பென்னட்டுக்கு 12 வருடச் சிறை. அந்த அறிஞர்களும் போதகர்களும் கெட்டவர்கள் அல்ல. நல்ல காரியத்துக்குத்தானே என்ற எண்ணம் அவர்களுடைய ஆசைக்கு ஒரு போர்வையாக இருந்தது.

நம் ஊரில் கொடுப்பவரின் ஆசை வேறு வடிவத்தில் வரும். மார்ச் மாதம் பிறந்துவிட்டால் என் அலுவலகத்துக்கு யாராவது ஒருவர் வந்து குரலைத் தாழ்த்தி, "சார், ஒரு லட்சத்துக்கு 80ஜி ரசீது கிடைக்குமா?" என்று கேட்பார். நன்கொடையில் ஒரு பகுதியை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள உதவும் ரசீது அது. விஷயம் இதுதான்: வங்கி வழியாக ஒரு லட்சம் நன்கொடை போகும். அறக்கட்டளை 5,000 பிடித்துக்கொண்டு 95,000-ஐ ரொக்கமாகத் திருப்பித் தரும். 50 சதவீதக் கழிவு, 30 சதவீத வரி அடுக்கு என்று வைத்தால் பழைய வரி முறையில் செஸ்ஸோடு சேர்த்து 15,600 ரூபாய் வரி மிச்சம். ஐந்தாயிரம் போட்டுப் பதினைந்தாயிரம். எந்த ஏழைக்கும் ஒரு வாய்ச் சோறு போகவில்லை, ஆனால் புத்தகத்தில் அன்னதானம் நடந்திருக்கும். அறிவியல் ஆராய்ச்சிக்குத் தரும் நன்கொடைக்கு 175 சதவீதம் வரை கழிவு இருந்த காலத்தில் இதே வேலை பெரிய நிறுவனங்களின் அளவில் நடந்தது. 100 ரூபாய் கொடுத்தால் 54 ரூபாய்க்குப் பக்கம் வரி மிச்சம், கொடுத்த நூறும் கமிஷன் போகத் திரும்பி வந்துவிடும். 2015-இல் கொல்கத்தாவில் இப்படி ஓர் ஆராய்ச்சி அமைப்பில் வருமான வரித் துறை சோதனை நடத்தி, மறுவருடம் அதன் அங்கீகாரம் ரத்தானது. ஆராய்ச்சியின் பெயரைச் சொல்லிக் கழிவு வாங்கியவர்கள் படித்தவர்கள், தொழிலதிபர்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி கழிவு கிடையாது. 2021-22 நிதியாண்டிலிருந்து ஒவ்வொரு நன்கொடையையும் அறக்கட்டளையே படிவம் 10பிடி-யில் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும் என்று வந்தது. கையால் எழுதிய ரசீதை வைத்துக் கழிவு கேட்கும் காலம் அதோடு முடிந்தது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-இல் திருத்தி, எல்லாப் பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும் என்றார்கள். நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். இருந்தாலும் நாடு பெரியது. நாட்டில் 30 லட்சத்துக்கும் மேல் தன்னார்வ அமைப்புகள் பதிவாகியிருக்கின்றன, பத்தில் ஒன்றுகூட ஒழுங்காகக் கணக்குத் தாக்கல் செய்வதில்லை என்று சிபிஐ உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதைக் கேட்டுத்தான் 2017 ஜனவரியில் நீதிமன்றம் தணிக்கைக்கு உத்தரவிட்டது.

ஆனால் இந்தச் சட்டங்கள் அத்தனையும் பணம் வரும் பக்கத்தைத்தான் பார்க்கின்றன. காகிதம் சரியாக இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன், துறையும் பார்க்கிறது. இலையில் உட்கார்ந்தவரைக் கூப்பிட்டு, 'உனக்கு வந்ததா, எப்படி இருந்தது?' என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடம் இல்லை.

இதை நான் முதலில் உணர்ந்தது நாகப்பட்டினத்தில். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். நான் அப்போது ஆர்டிக்கிள்ஷிப்பில், அதாவது ஆடிட்டர் பயிற்சியில் இருந்தேன். அடுத்த வருடம் எங்கள் சீனியரோடு நிவாரணக் கணக்கு பார்க்கப் போனோம். சாலையோரம் பழைய துணி மலை மலையாகக் கிடந்தது. லாரி லாரியாக நாடு முழுவதிலுமிருந்து வந்தவை. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. பிச்சைக்காரர்கள் மாதிரி நினைத்துவிட்டார்களே என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். அவருடையது நகை கிடந்த கழுத்து, சுனாமிக்கு முந்தைய நாள் வரை நல்லபடி வாழ்ந்தவர்.

அப்புறம் படகுகள். கொடுக்க வந்த எல்லோருக்கும் படகு கொடுக்க ஆசை. படகில் பெயர் எழுதலாம், மாலை போட்டுக் கடலில் இறக்கும்போது படம் எடுக்கலாம், வருட அறிக்கையின் அட்டையில் போடலாம். கடைசியில் கடற்கரையில் இழந்ததைவிட அதிகமாக ஃபைபர் படகுகள் வந்து சேர்ந்தன. தரமில்லாதவையும் நிறைய. கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவர்களும் படகுக்கு மாறினார்கள், மீனோ கூடவில்லை. அதே ஊரில் மீன் விற்கும் பெண்களுக்குக் கூடையும் கைமுதலும் வாங்கித்தர ஆள் கிடைக்கவில்லை. கூடையில் யார் பெயரை எழுதுவது? இதில் யாரும் திருடவில்லை, வவுச்சர் எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் கொடுப்பவரின் சந்தோஷத்துக்காக நடந்த வியாபாரம் என்றுதான் எனக்கு அன்று பட்டது, இன்றும் படுகிறது. 'அறவிலை வணிகன்' என்று சங்கப் பாட்டில் ஒரு சொல் வரும். இந்தப் பிறவியில் கொடுத்து அடுத்த பிறவிக்குப் புண்ணியம் வாங்குகிறவன். இப்போது அடுத்த பிறவி வரை காத்திருக்க வேண்டியதில்லை, அன்று மாலையே படம் வந்துவிடும்.

இந்த வியாபாரம் முற்றினால் எங்கே போய் முடியும் என்பதற்கு நேபாளத்தையும் கம்போடியாவையும் பார்க்க வேண்டும். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் நடுவில் அனாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அந்தக் காலத்தில் அங்கே போர் இல்லை. கூடியது சுற்றுலாப் பயணிகள். இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். நேபாளத்தில் அது 85 சதவீதத்துக்கும் மேல் என்று யுனிசெஃப் சொல்கிறது. அங்கே இல்லங்கள் பெரும்பாலும் காத்மாண்டு, பொக்காரா மாதிரிச் சுற்றுலா ஊர்களைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஹும்லா மாதிரி ஏழை மலை மாவட்டங்களில் இடைத்தரகர்கள் வீடு வீடாகப் போவார்கள். பட்டணத்தில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம் என்று சொல்லிப் பெற்றோரிடமே பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கூட்டிவருவார்கள். பட்டணத்தில் அந்தப் பிள்ளை அனாதை ஆகிவிடும். வெள்ளைக்காரத் தன்னார்வலர் இரண்டு வாரம் வந்து கொஞ்சிவிட்டு, பணம் கட்டிவிட்டுப் போவார். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டுச் சிரித்தபடி இருந்தால் அடுத்தவர் கொடுக்க மாட்டார் என்று வேண்டுமென்றே மெலிந்த நிலையில் வைத்திருந்த இல்லங்களும் உண்டு. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் அடிமை வியாபாரத்தில் ஒன்றாகவே கணக்கில் எடுத்துக்கொண்டது.

நம் ஊர் இல்லங்கள் எல்லாம் இப்படி என்று நான் சொல்லவில்லை. 2015 சிறார் நீதிச் சட்டப்படி பதிவில்லாமல் குழந்தைகள் இல்லம் நடத்துவது சிறைக்குரிய குற்றம். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள். இருந்தும் 2021 ஜூனில் மதுரையில் ஒரு காப்பகக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாக மயான ரசீதைக் காட்டிவிட்டு, அந்தக் குழந்தையை விற்றுவிட்டார்கள் என்று வழக்குப் பதிவாகிக் கைதுகள் நடந்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று என் வேலைமீதே எனக்கு வெறுப்பு வந்தது. மயான ரசீது என் கைக்கு வந்திருந்தால் நானும் டிக் அடித்துவிட்டுப் போயிருப்பேன்.

குற்றம் எதுவும் இல்லாத இடத்தில்கூடக் கொடுப்பவரின் ஆசை என்ன செய்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நான் தணிக்கை செய்யும் ஓர் இல்லத்தில் நாற்பது பிள்ளைகள். நடத்துகிறவர் நேர்மையானவர். அங்கே சாப்பாட்டு நன்கொடைப் பதிவேட்டைப் பார்த்தால் சனி, ஞாயிறு எல்லாம் நிரம்பியிருக்கும். பிறந்தநாள், திருமண நாள், அப்பாவின் திதி. ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று கேக், இரண்டு வேளை பிரியாணி. பிள்ளைகள் வரிசையாக நின்று மூன்று முறை ஹேப்பி பர்த்டே பாட வேண்டும். வந்தவர்கள் தங்கள் கையால் பரிமாறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமை ரசமும் அப்பளமும். கரண்ட் பில், வார்டன் அம்மாவின் சம்பளம், கழிவறை பழுது என்று கேட்டால் ஒருவரும் முன்வருவதில்லை. ஒருநாள் வார்டன் அம்மா சொன்னார்: "காலையில எழுந்ததும் இதுங்க கேக்குறது, இன்னிக்கு யாருக்கு அக்கா பொறந்தநாள்?" அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரின் பிறந்த தேதி பதிவேட்டில் ஜூன் 1. பள்ளியில் சேர்க்கப் போட்ட தேதி. அவர்களுடைய நிஜமான பிறந்தநாள் யாருக்கும் தெரியாது.

எல்லா ஏமாற்றுக்காரர்களும் முதலிலேயே திருட்டு எண்ணத்தோடு வருகிறார்கள் என்று நினைக்காதீர்கள். நான் பார்த்த வரை பெரும்பாலானோர் உண்மையாகத் தொடங்கியவர்கள். முதலில் சொந்தக் காசு போட்டிருப்பார்கள். பிறகு பெட்ரோலுக்கு எடுப்பார்கள், நியாயம்தான். பிறகு வண்டி. பிறகு மகளின் கல்யாணத்துக்கு 'கைமாற்று'. இத்தனை உழைக்கிறேனே, எனக்கு இதில் உரிமை இல்லையா என்ற எண்ணம் மெல்ல வந்து உட்காரும். இங்கிலாந்தில் முன்னாள் ராணுவ அதிகாரி கேப்டன் டாம் மூர் கதையை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில், தன் நூறாவது பிறந்தநாளுக்கு முன் நடக்க உதவும் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுத் தோட்டத்தில் 100 சுற்று நடந்தார். 1,000 பவுண்டு திரட்ட நினைத்தவருக்கு 3.89 கோடி பவுண்டு சேர்ந்தது. அந்தப் பணம் மருத்துவமனைகளுக்கான தொண்டு அமைப்புக்கு முறையாகவே போனது. கோளாறு அதற்கப்புறம்தான் வந்தது. அவர் பெயரில் குடும்பம் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. 2024 நவம்பரில் அந்நாட்டு அறக்கட்டளை ஆணையம் வெளியிட்ட அறிக்கைப்படி, அவருடைய புத்தகங்களுக்கான சுமார் 14.7 லட்சம் பவுண்டு குடும்பத்தின் நிறுவனத்துக்குப் போனது, ஒரு பங்கு வரும் என்று மக்கள் நம்பிய அறக்கட்டளைக்குப் போகவில்லை. அறக்கட்டளையின் பெயரைச் சொல்லி அனுமதி வாங்கிய கட்டடத்துக்குள் குளியல் குளம் வந்தது. அதை 2024-இல் இடித்தார்கள். மகளும் மருமகனும் அறங்காவலராக இருக்கத் தடை. நூறு வயதுக் கிழவரின் நடையில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

நம் முன்னோர்கள் இந்த ஓட்டையை அறிந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு எரிக்க 96 ஆடு, சில இடத்தில் 90 ஆடு விட்டதாக வரும். 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள். ஆடு செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையை நிரப்ப வேண்டும், நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். யார் கொடுத்தது, எந்த இடையர் பொறுப்பு என்பதைக் கோயில் சுவரிலேயே வெட்டிவைத்தார்கள். முக்கியமானது, விளக்கு எரிகிறதா என்று ஊரில் யார் வேண்டுமானாலும் மாலையில் எட்டிப் பார்க்கலாம். அணைந்திருந்தால் அன்றே கேள்வி வரும். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே போய் யாரும் பந்தியில் உட்காரலாம், சோறு எப்படி இருக்கிறது என்று தானே பார்க்கலாம்.

சரி, இப்போது நீங்கள் என்ன செய்யலாம்? மருத்துவ உதவி கேட்டு வந்தால் தனி நபரின் யுபிஐ-க்கு அனுப்பாதீர்கள். மருத்துவமனையின் பில்லிங் கவுண்டருக்குப் போன் போட்டு, உள்நோயாளி எண்ணைச் சொல்லி, அந்த எண்ணின் கணக்கில் நேராகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். போன் எண்ணை அந்தச் செய்தியிலிருந்து எடுக்காதீர்கள், மருத்துவமனையின் தளத்திலிருந்து எடுங்கள். நிஜமாகப் படுத்திருக்கும் நோயாளியின் குடும்பம் இதற்கு மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்ளும். தயங்குகிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கிறது, அதற்கு விண்ணப்பித்தார்களா என்றும் கேட்கலாம். பல வீடுகளில் அது தெரியாமலே கடன் வாங்குகிறார்கள். அந்தத் தகவலே சில சமயம் உங்கள் பத்தாயிரத்தைவிடப் பெரிய உதவி.

யுபிஐ முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். 2020 மார்ச்சில் பிஎம் கேர்ஸ் நிதி அறிவித்த உடனே, கடைசி 'எஸ்' எழுத்தை மட்டும் விட்டுவிட்டு அதே மாதிரி போலி முகவரி உருவாக்கி வசூல் தொடங்கிவிட்டார்கள். பிரதமரின் பெயரில் செய்ய முடிந்தவர்களுக்கு ஒரு குழந்தையின் பெயரில் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

அமைப்புகளுக்குக் கொடுப்பதாக இருந்தால், தன்னார்வ அமைப்புகள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு இருக்கிறதா, 10பிஇ தருவார்களா, மூன்று வருட வரவு செலவு அறிக்கையைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். இவை தொடக்கம்தான், இவற்றில் தேறிய ஏமாற்றுக்காரர்களும் உண்டு. எத்தனை சதவீதம் நிர்வாகச் செலவு என்ற ஒரே கேள்வியை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். 'ஒவ்வொரு ரூபாயும் ஏழைக்கே' என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை. வார்டனுக்கும் கணக்காளருக்கும் சம்பளம் கொடுக்காமல் எந்த இல்லமும் நடக்காது. அதை வெளியில் சொன்னால் நன்கொடை நின்றுவிடும் என்ற பயத்தில் சம்பளத்தை 'குழந்தைகள் நலன்' என்ற தலைப்பில் எழுதும் நேர்மையான ஆட்களையும் பார்த்திருக்கிறேன். பொய் சொல்ல நாமே பழக்கிவிடுகிறோம்.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: உங்களிடம் உதவி பெற்ற ஒருவரிடம், நீங்கள் பக்கத்தில் இல்லாமல், நான் பேசலாமா? நல்ல முதியோர் இல்லத்தில் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சொல்லாமல் போய் நில்லுங்கள். படம் எடுக்காதீர்கள். பிறந்தநாளுக்குக் கொடுக்கும் பணத்தை அந்த மாதக் கரண்ட் பில்லுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் படிப்பை நிறுத்தப்போகும் பிள்ளையின் கட்டணத்தைப் பள்ளி அலுவலகத்தில் கட்டுங்கள். அந்தப் பிள்ளை தினமும் உங்கள் வாசல் வழியாகப் பள்ளிக்குப் போவதைப் பார்ப்பீர்கள்.

தூரத்தில் இருப்பவருக்குக் கொடுக்கவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். 2021-இல் தசைநார்ச் சிதைவு நோய் வந்த தமிழ்நாட்டுக் குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி வாங்க முகம் தெரியாத பல்லாயிரம் பேர் பணம் போட்டார்கள், ஒன்றிய அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது, ஊசியும் வந்தது. அன்று எல்லோரும் உங்களை மாதிரி மனம் வெறுத்து உட்கார்ந்திருந்தால் அந்தக் குழந்தையின் கதி என்ன?

உங்கள் பத்தாயிரத்துக்கு வருகிறேன். இன்றே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பரிவர்த்தனை எண், நேரம், அனுப்பிய முகவரி, அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் கொடுங்கள். இரண்டு வாரம் ஆகிவிட்டதால் பணம் திரும்பும் வாய்ப்புக் குறைவு, ஆனால் அந்தக் கணக்கை முடக்க உங்கள் புகார் உதவும். இன்னொன்று. அந்தப் படத்தில் இருப்பது யாரோ ஒருவரின் நிஜமான குழந்தை. நான்கு வருடத்தில் பிழைத்துப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். தங்கள் பிள்ளையின் முகம் இப்படி ஊர் ஊராகக் காசு கேட்டுக்கொண்டிருப்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அந்தப் படத்தின் மூலச் செய்தி கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள். மருத்துவமனையின் பெயர் தெரிந்தால் அவர்கள் மூலமாக அந்தக் குடும்பத்துக்குத் தகவல் சொல்லப் பார்க்கிறேன்.